எடை குறைக்கும் கூட்டம்: சேருமுன் ஒரு கணக்கு

இன்று ஊர்தோறும் ஒரு புதுவகைச் சங்கம் முளைத்திருக்கிறது. அதற்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, கைப்பேசியே அதன் அலுவலகம். உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் கூடி, ஒருவருக்கொருவர் ஊக்கம் தந்துகொள்ளும் குழுக்களைத்தான் குறிப்பிடுகிறேன். நூற்றுக்கணக்கான குழுக்களுள் நமக்கு ஏற்றது எது? இக்கேள்விக்கு மருத்துவம் மட்டுமன்றி, இயற்பியலும் விடை சொல்ல உதவும்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பில் என் தாய்மாமன் வசிக்கிறார். எடை 84 கிலோ. சில ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். நண்பர் ஒருவர் அவரை எடை குறைக்கும் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். ஒரு வாரம் சென்றது. மாமா தொலைபேசியில் அழைத்தார்.

“மாப்ளே, ஏழே நாள்ல நாலு கிலோ கொறைஞ்சிருக்கேன்! உங்க பிசிக்ஸ் இதுக்கு என்ன சொல்லுது?”

இயற்பியல் சொல்வதை அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் வாழ்த்திவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த சில நாள்களில் ஒருநாள் விடியற்காலை அவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, நாக்குக் குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்று பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 48 மில்லிகிராம். குழுவில் சொன்னபடி இரவுச் சோற்றை நிறுத்தியிருந்தார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கி வந்திருந்தார். அதற்கு முன் மூன்று நாள்களாகவே அவருக்குத் தலைச்சுற்றல் இருந்ததாம். “குழுவில் ஏன் சொல்லவில்லை மாமா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு போடுற எடத்துல, நான் மட்டும் மயக்கமா வருதுன்னு எப்படிப் போடறது?” என்றார்.

குழுவைத் தேர்வு செய்யும் வழி இந்தப் பதிலிலேயே அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதற்கு முன், ‘ஏழு நாளில் நாலு கிலோ’ என்ற கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நாலு கிலோ எங்கே போயிற்று?

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்ற விதியை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் உடலும் இவ்விதிக்கு உட்பட்டதே. உணவின் மூலம் வரும் ஆற்றல் செலவை விட மிகுந்தால் கொழுப்பாகச் சேர்கிறது. குறைந்தால் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. நாலு கிலோ கொழுப்புக் கரைய வேண்டுமானால் 30,800 கிலோகலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். ஏழு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 4,400. ஆனால், மிதமாக வேலை செய்யும் ஒருவர் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலே 2,000 முதல் 2,500 வரைதான். அவர் ஏழு நாளும் பட்டினி கிடந்தாலும் நாலு கிலோ கொழுப்பைக் கரைக்க முடியாது!

அப்படியானால் தராசு பொய் சொன்னதா? இல்லை. எடை குறைந்தது உண்மை. குறைந்தவற்றுள் பெரும்பகுதி நீர்.

சேத்தியாத்தோப்புக்கு மேற்கே உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஈரக் களிமண்ணில் செய்த பொம்மையை நிழலில் காயவைக்கிறார்கள். சில நாளில் அதன் எடை நன்றாகக் குறைந்துவிடுகிறது. மண்ணில் ஒரு துகளேனும் குறைந்ததா? இல்லை, நீர்தான் ஆவியாயிற்று. சூளையில் வேகாத அந்தப் பொம்மையை மீண்டும் நீரில் வைத்தால், நீரை உறிஞ்சிக் கனமாகிவிடும்.

நம் உடலிலும் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சில நூறு கிராம் மாவுப்பொருளைச் சேமித்து வைத்துள்ளன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. சோறு, இட்லி, சர்க்கரை ஆகியவற்றைத் திடீரெனக் குறைத்தால் இந்தச் சேமிப்புச் செலவாகி, உடன் இருந்த நீரும் வெளியேறுகிறது. உப்புக் குறைந்தால் மேலும் நீர் போகிறது. முதல் வாரத்தில் தராசு காட்டும் வியப்புக்குக் காரணம் இதுவே. இரண்டு நாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். அப்போது மனம் உடைந்து, “நமக்கு இது ஒத்துவராது” என்று முயற்சியையே கைவிடுவோர் பலர்.

உடற்பயிற்சியைப் பற்றியும் ஒரு கணக்கு. 75 கிலோ எடையுள்ளவர் 10 மீட்டர் உயரம், அதாவது மூன்று மாடி, ஏறுகிறார் என்று கொள்வோம். அவர் செய்யும் வேலை 75 × 9.8 × 10 = 7,350 ஜூல். இது இரண்டு கிலோகலோரிக்கும் குறைவு. தசைகளின் திறன் நான்கில் ஒரு பங்கு அளவே ஆதலால் உடலுக்கு ஆகும் செலவு எட்டுக் கிலோகலோரி எனலாம். தேநீர்க் கடையில் தின்னும் ஓர் உளுந்து வடையில் 120 கிலோகலோரி இருந்தால், அதைச் செலவழிக்க மூன்று மாடியைப் பதினைந்து முறை ஏறவேண்டும்! நடையும் உழைப்பும் இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மிகவும் நல்லவை. ஆனால் எடை குறைய உணவிலும் கைவைத்தே ஆகவேண்டும் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைக்க நாளொன்றுக்கு 550 கிலோகலோரி பற்றாக்குறை வேண்டும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் நாளடைவில் இந்த வேகமும் தணியும். ஆகவே இது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டிய வேலை. நெடுந்தூரப் பயணத்துக்குத் துணை வேண்டும் அல்லவா? குழுவின் தேவை இங்கேதான் எழுகிறது.

குழு எப்படி உதவுகிறது?

எடை குறைப்புக்கு என்று கூடும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி 1948-இல் இத்தகைய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1961-இல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி நகரச் சுகாதாரத் துறையின் எடை குறைப்பு மருத்துவமனைக்குச் சென்றுவந்தார். அங்கே கொடுத்த உணவுப் பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அவர் ஒளித்து ஒளித்து பிஸ்கட் தின்று வந்தார். அதை அங்கே ஒப்புக்கொள்ள அவருக்குத் துணிவு வரவில்லை. ஒருநாள் தோழியர் சிலரை வீட்டுக்கு அழைத்து உண்மையைச் சொன்னார். அவர்களும் தத்தம் இரகசியங்களைச் சொன்னார்கள். அந்தக் கூட்டம் வாராவாரம் தொடர்ந்தது. அதிலிருந்தே 1963-இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற நிறுவனம் பிறந்தது. பட்டியல் முன்பு இருந்த பட்டியலே. உண்மையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததுதான் புதிது.

இதை இயற்பியலில் பின்னூட்டம் என்போம். சூளை வேலை செய்பவர் சிறு துளை வழியே உள்ளே பார்க்கிறார். வெப்பம் மிகுந்தால் தீயைத் தணிக்கிறார், குறைந்தால் கூட்டுகிறார். உள்ளே நடப்பது சரியாகத் தெரிந்தால்தான் சரியாகத் திருத்த முடியும். துளையில் ஓர் அழகான படத்தை ஒட்டிவைத்தால் என்ன ஆகும்? பாண்டம் வெடிக்கும்! வெற்றிச் செய்தி மட்டுமே பேசப்படும் குழு அப்படிப்பட்ட சூளையே. என் மாமாவின் தலைச்சுற்றல், நிறுத்து என்று எச்சரிக்கும் பின்னூட்டமாக இருந்தது. அதைச் சொல்ல அங்கே வழி இருக்கவில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

குழுவாலும் தொடர்ந்த ஊக்கத்தாலும் பயன் உண்டா என்பதை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். இவை பெரும்பாலும் நீரிழிவைத் தடுக்கும் நோக்கில் நடந்தவை. எனினும் உணவு, நடை, எடை ஆகியவையே அவற்றின் கருவிகள்.

சென்னையில் அதிக எடையும் நீரிழிவின் முன்நிலையும் கொண்ட 578 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு வாரந்தோறும் குழு வகுப்புகள் நடந்தன. தேவைப்பட்டோருக்குப் பின்னர் மாத்திரையும் தரப்பட்டது. மூன்று ஆண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 34.9 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வகுப்புகளில் கலந்துகொண்டோருள் 25.7 விழுக்காட்டினருக்கு வந்தது.

கைப்பேசியின் பயனையும் அளந்திருக்கிறார்கள். சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 537 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களுள் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. ஆகவே கைப்பேசியை இகழ வேண்டாம். அதில் வரும் செய்தி எத்தகையது என்பதே கேள்வி.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், இன்னும் நெருங்கிய ஒரு சோதனை நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த 1,007 பேர் பங்கேற்றனர். பாதிப் பகுதிகளில் அக்கம்பக்கத்தாரே குழுவாகக் கூடினர். அவர்களுள் ஒருவரே பயிற்சி பெற்றுக் குழுவை நடத்தினார். 2018-இல் வெளியான முடிவு இது: நீரிழிவு வந்தோர் குழுப் பகுதிகளில் 14.9, பிற பகுதிகளில் 17.1 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்களே கூறினர். ஆனால் குழுவினர் காய்கறியும் பழமும் கூடுதலாக உண்டனர். மதுப் பழக்கம் குறைந்தது. எதிர்பார்த்த பலன் முழுதும் கிட்டவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையை நாம் குழுக்களிலும் எதிர்பார்க்க வேண்டும்.

இவற்றோடு அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான பேராய்வையும் வைத்துப் பாருங்கள். அதில் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டோர் குறைத்த எடை சராசரியாக 5.6 கிலோதான். சராசரியாக 2.8 ஆண்டுகள் கவனித்ததில், நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு 58 விழுக்காடு குறைந்திருந்தது. ‘வாரத்துக்கு நாலு கிலோ’ என்ற விளம்பரத்துக்கு முன் இந்த 5.6 கிலோ அற்பமாகத் தோன்றும். உயிரைக் காப்பது இந்த அற்பமே!

தமிழிலேயே கூடிப் பேசும் குழுக்களும் உண்டு. 2010-களில் ‘பேலியோ’ என்ற மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறை தமிழ் முகநூலில் பெரிதும் பரவியது. நியாண்டர் செல்வன் முன்னின்று நடத்திய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்தனர். நம் சமையலறைப் பொருள்களை வைத்து நம் மொழியிலேயே எடையைப் பற்றிப் பேச இயலும் என்பதை இத்தகைய குழுக்கள் காட்டின. எந்த உணவுமுறையைப் பின்பற்றும் குழுவானாலும் சேருமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சேருமுன் கேட்க வேண்டியவை

முதலாவது: தோல்வியைச் சொல்ல அங்கே இடம் உண்டா? சேர்ந்ததும் பதிவு ஒன்றும் இடாமல் இரண்டு வாரம் படித்துப் பாருங்கள். “இந்த வாரம் ஒரு கிலோ ஏறிவிட்டது” என்று எவரேனும் எழுதுகிறாரா? எழுதினால் என்ன பதில் வருகிறது? “என்ன நடந்தது, பார்ப்போம்” என்று கேட்டால் நல்ல குழு. ஏளனமோ மௌனமோ பதிலானால் விலகிவிடுங்கள்.

இரண்டாவது: மொத்தம் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருக்குப் பயன்? 200 பேர் உள்ள குழுவில் 10 பேர் தம் பழைய படத்தையும் புதிய படத்தையும் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு எல்லோரும் மெலிந்ததாகவே தோன்றும். மற்ற 190 பேரின் கதி? சாதகமான அளவீடுகளை மட்டும் பதிவேட்டில் எழுதும் மாணவனுக்குச் செய்முறைத் தேர்வில் நாம் மதிப்பெண் தருவதில்லை.

மூன்றாவது: மருந்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இதுவே உயிர்நிலையான கேள்வி. இன்சுலினோ, சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கலாம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற நேரலாம். “உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்” என்று முதல் நாளே சொல்லும் குழுவை நம்பலாம். “மாத்திரையை நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லும் குழுவிலிருந்து அன்றே வெளியேறுங்கள். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மருத்துவர் சொல்லின்றி எந்தப் பட்டியலையும் பின்பற்றலாகாது.

நான்காவது: யாருக்கு இலாபம்? அறிவுரையின் முடிவில் மாவு டப்பாவோ மாத்திரையோ விற்பனைக்கு வருகிறதா? அறிவுரை கூறுபவரே வணிகராகவும் இருந்தால், சரக்கு தேங்கும்போது அறிவுரையும் மாறும்.

ஐந்தாவது: அந்த உணவை நம் வீட்டில் ஆண்டு முழுவதும் சமைக்க முடியுமா? விலையுயர்ந்த கொட்டைகளும் வெளிநாட்டுப் பழங்களும் இல்லாமல் நடக்காத பட்டியல் மாதக் கடைசியில் நின்றுபோகும். சோற்றைப் பாதியாக்கி, கீரை, சுண்டல், முட்டை, மோர் எனச் சேர்க்கும் வழி நெடுநாள் நிலைக்கும். வீட்டில் அனைவருக்கும் சமைக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தமக்கென ஒரு தனி அடுப்பு மூட்ட அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

ஆறாவது: நம் செய்தி பத்திரமாக இருக்குமா? ஆயிரம் பேர் உள்ள இடத்தில் இரத்தப் பரிசோதனைத் தாளையும் உடலின் படத்தையும் பதிந்தால், அவை எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

நாமே ஒரு குழு அமைக்கலாமே!

இக்கேள்விகளுக்குத் தேறும் குழு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஐந்தாறு பேர், ஒரு தராசு, ஓர் அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும்.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே தராசு, காலையில் கழிப்பறை சென்றபின், உணவுக்கு முன், கட்டாந்தரையில் வைத்து. ஒரு லிட்டர் நீர் குடித்த உடனே எடை ஒரு கிலோ ஏறிவிடும் என்பதை மறவாதீர்கள். ஆதலால் ஒரு நாளின் அளவை நம்பாமல் வாரச் சராசரியை எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் ஏழு நாள் எடைகள் 81.4, 80.9, 81.8, 81.2, 80.7, 81.5, 80.9 எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 568.4, சராசரி 81.2. அடுத்த வாரச் சராசரி 80.8 ஆனால் அவர் உண்மையிலேயே முன்னேறுகிறார். அந்த வாரத்தில் ஒருநாள் தராசு 81.5 காட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை; அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் நீரின் விளையாட்டு.

மாதம் ஒருமுறை இடுப்பையும் அளங்கள். நீர் போனால் எடை குறையும். வயிற்றுக் கொழுப்புக் குறைந்தால்தான் இடுப்பு குறையும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டருக்கும், பெண்களில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் இடுப்பளவு போகக்கூடாது என்பது மருத்துவர் கருத்து.

எவரையும் ‘குண்டு’ என்று கேலி செய்வதில்லை என்பதைக் குழுவின் முதல் விதியாக்குங்கள். வெட்கப்படுபவர் தராசைத் தவிர்ப்பார். தராசைத் தவிர்ப்பவருக்குப் பின்னூட்டம் கிடைக்காது.

என் மாமா இன்று கைப்பேசிக் குழுவில் இல்லை. மருத்துவரிடம் கேட்டு மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொண்டார். ஊரில் அவரும் இன்னும் ஐந்து பேரும் காலையில் ஒன்றாக நடக்கிறார்கள். ஞாயிறுதோறும் நோட்டுப் புத்தகம் திறக்கப்படுகிறது. அதில் பெயர், வாரச் சராசரி, இடுப்பளவு ஆகியவற்றோடு கடைசியாக ஒரு பத்தி: ‘இந்த வாரம் எங்கே தவறியது?’ அந்தப் பத்தியை வெறுமையாக விடக்கூடாது என்பது அவர்கள் விதி. பதினான்கு மாதத்தில் அவர் ஆறு கிலோ குறைந்திருக்கிறார்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது அந்த நோட்டைப் புரட்டினேன். மாமாவின் பெயருக்கு எதிரே, “மச்சினன் வீட்டுக் கல்யாணம், ரெண்டு நாள், மூணு பாயசம்” என்று எழுதியிருந்தது. அதன் கீழே வேறொருவர் கையெழுத்தில், “பரவாயில்லை, நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடுங்க” என்று இருந்தது. வாசகர்களே, உங்களுக்கு அப்படி எழுதக்கூடிய ஒரு குழுவைத் தேடுங்கள்.